கடைசி நிறுத்தம்

"மலைமேல கடைசி நிறுத்தம் வரைக்கும் போற அரசு பஸ்ஸுக்கு இந்த பட்ஜெட்லயும் பணம் ஒதுக்கிடலாமா?" என்று கேட்டார் அதிகாரி.

"வேண்டாம் சார், நிறுத்திடலாம்," என்றாள் அவருடைய உதவியாளர்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷா வருஷம் அந்த பஸ்ஸுக்காக அவரிடம் மல்லுக்கு நின்றவளே அவள்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே ஒரு ஆள் ஏறினாலும் பஸ் விடணும்னு சொன்னது நீதானேம்மா? இப்ப இவ்வளவு ஈவிரக்கம் இல்லாம பேசறியே."

"அங்க ஏறினதே ஒரு ஆள்தான் சார். இனிமே அவங்களும் வரமாட்டாங்க."

"ஏன், வீடு மாறிட்டாங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போன வாரம் எங்க அம்மா காரியத்துக்கு லீவு போட்டேன்ல சார்? அந்த ஒரு ஆள் அவங்கதான்."

அதிகாரி பட்ஜெட் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மனசே இல்லாமல் அந்த பஸ் இருந்த வரியைப் பேனாவால் அடித்தார்.