ஜன்னல் வரை வயர்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி சர்தார் பாஷா வீட்டு முற்றத்தில், வயர்மேன் வேதாசலம் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் பூட்டிக்கொண்டிருந்தார். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில், தூரத்திலிருந்தே பட்டனை அழுத்தித் தடம் மாற்றும்படி வயர் இழுக்க வேண்டும்.

"பட்டனை இங்கயே வச்சிடட்டுமாம்மா?"

"வேணாம். அந்த ரூம்ல கட்டில் வரைக்கும் வரணும்" என்றாள் முதலாளியின் மனைவி பில்கிஸ். "காசநோய். யாரும் கிட்ட போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

வேதாசலத்தின் கை அப்படியே நின்றது. அந்த வீட்டுக்கு ஒரே குழந்தை, ஏழு வயது குர்ஷித். பொம்மையைத் தொடக்கூட முடியாமல் ஜன்னல் வழியாகவா அது விளையாட வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனோடு வயரை ஜன்னல் கம்பிக்குள் விட்டார்.

"பாப்பா, அழுத்திப் பாரும்மா!"

"என்னையா கூப்ட்டீங்க?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தெருவில் விளையாடிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாள் குர்ஷித்.

வேதாசலம் பதறிப்போய் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலில் எலும்பும் தோலுமாக சர்தார் பாஷா! போன ரம்ஜானில் தோல் கட்டைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் போட்ட மனிதர்.

அவர் விரல் பட்டனை அழுத்தியது. ரயில் தடம் மாறி மகளின் காலடிக்கு ஓடியது.

"அப்பா, இன்னொரு வாட்டி!" என்று குதித்த குர்ஷித், வேதாசலத்தின் சட்டையை இழுத்தாள்.

"நாளைக்கு அப்பாவ மதனப்பள்ளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. இந்த வயரு அங்க வரைக்கும் எட்டுமா?"