நான்காம் நாள் ஓய்வு

ஓட்டப் பயிற்சி விடுதியில் கண்விழித்ததும் மரியபுஷ்பம் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். நாடித்துடிப்பு அறுபத்தொன்று. வழக்கமாக நாற்பத்தெட்டுதான் இருக்கும். துடிப்பு ஏறியிருந்தால் உடம்பு அளவுக்கு மீறி உழைத்துவிட்டது என்று கணக்கு. அன்று பட்டையைக் காட்டினாலும் மைதானத்தின் கதவு அவளுக்குத் திறக்காது. இது நான்காவது நாள்.

கதவருகே நின்றிருந்த பயிற்சியாளர் தங்கதுரையிடம் போனாள்.

"எனக்கு அசதியே இல்ல சார். ரூம்ல கூட இருந்த தமயந்திய ஊருக்கு அனுப்பினதுலேர்ந்து தூக்கம் வரல. பேச ஒரு ஆளில்ல. மத்த பொண்ணுங்களோட ஓடுனாத்தான் சரியாவும்."

அவர் பிடரியைத் தடவிக்கொண்டார். "எனக்குப் புரியுதும்மா. பட்டைக்குப் புரியாதே. போய்ப் படுத்துக்க."

அந்த அறைக்குத் திரும்ப அவளுக்கு மனம் வரவில்லை. தெருவில் இறங்கி மைதானத்தின் உயர்ந்த சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தாள். உள்ளே பெண்கள் ஓடத் தொடங்கும் காலடிச் சத்தம் கேட்டது. அவளும் கூடவே ஓடினாள். சத்தம் வளைவில் திரும்பி விலகியபோது நின்று, அது மறுபடி வரும்வரை காத்திருந்தாள்.

இந்த ஓட்டத்தையும் பட்டை எண்ணிக்கொண்டிருந்தது. நாளைக்கும் கதவு திறக்காது என்று அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று அவள் காதில் விழவில்லை. ஓடிக்கொண்டே அவளும் சிரித்தாள்.