இன்னும் ஒரு வாய்ப் பஞ்சு

தை மாதப் பனியில் அணில் குட்டி வெடவெடவென்று நடுங்கியது. தாய் அணில் பதறிப்போய்ப் பருத்திக் காட்டுக்கு ஓடி, வாய் நிறையப் பஞ்சு கொண்டுவந்து குட்டியைச் சுற்றி அடைத்தது.

“மறுபடியும் போகாதேம்மா, என்கூடப் படுத்துக்கோ,” என்றது குட்டி.

“இன்னும் ஒரு வாய்ப் பஞ்சு போதும் கண்ணு, அப்புறம் குளிரே தெரியாது.”

பக்கத்துக் கிளை மைனாவுக்குப் பொறுக்கவில்லை. “நீ போனதும்தான் பிள்ளை ரொம்ப நடுங்குது அக்கா. கொஞ்சம் அணைச்சுக்கிட்டு இரேன்.”

“என் உடம்புச் சூடு எந்த மூலைக்குக் காணும்?” என்று சொல்லிவிட்டுத் தாய் ஓடியது.

கூடு நிரம்பியபோது குட்டியின் நடுக்கம் நின்றிருந்தது. தூங்கிவிட்டது என்று நிம்மதியாகப் பக்கத்தில் படுத்து அணைத்தது தாய். குட்டி சில்லிட்டுக் கிடந்தது.

“அம்மா வந்துட்டேன் கண்ணு, இனிமே எங்கேயும் போக மாட்டேன்,” என்று விடியும்வரை அதை நக்கிக்கொண்டே இருந்தது.