தோட்டா மேல் பழி

"நீ வீட்ல நிரப்பித் தந்த தோட்டாதான் சரியில்ல வெர்னா! ஒண்ணு மேல போவுது, ஒண்ணு பக்கத்துல போவுது!" துப்பாக்கி சுடும் இறுதிப் போட்டிக்குச் சற்றுமுன், மொன்டானா மைதானத்தில் குதித்தான் ஹார்லன்.

அவன் மனைவி வெர்னா தோட்டாக்களைத் தொடவேயில்லை. அவன் துப்பாக்கியின் மேலிருந்த குறிபார்க்கும் தொலைநோக்கியை அசைத்துப் பார்த்தாள், ஆடியது. திருகை இறுக்கினாள்.

"இப்ப சுடுங்க."

ஐந்து குண்டும் ஒரு நாணய அகலத்துக்குள் விழுந்தன.

நண்பன் க்ளைட் சிரித்தான். "பைனல்ல உன்னோட மோதப்போற ஆளுக்கே ரிப்பேர் பண்ணிக் கொடுத்துட்டியேம்மா!"

"ஆறு வருஷமா என்கிட்ட தோத்துட்டு, தோட்டாவைத்தானே திட்டுறார்? இன்னிக்கு என்ன சொல்றார்னு பாக்கணும்." வெர்னா தன் துப்பாக்கியை எடுத்தாள்.

ஏழாவது முறையாகக் கோப்பை அவள் கைக்கே வந்தது.

"இந்தக் காத்து இருக்கே..." என்று ஆரம்பித்தான் ஹார்லன்.

மைதானத்துக் கொடி அசையாமல் தொங்கியது.