நுரையளவு

மேயர் யுராய் தன் பியர் குவளையை எமெஷேயை நோக்கி நீட்டினார். மண்டபமே கப்சிப்பென்று ஆனது. எமெஷே, ஸ்லோவாக்கியாவில் வாழும் ஹங்கேரியர்களின் கட்சிக்கு அந்த ஊர்த் தலைவி. மேயர் ஸ்லோவாக்கியர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஹங்கேரியப் பள்ளிக்கூடம் மூடப்படாமல் தப்பும். ஒப்பந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. ஆனால் ஹங்கேரியர்கள் குடிக்கும் முன் பியர் குவளைகளை ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் தங்கள் தளபதிகளைத் தூக்கிலிட்டவர்கள் அப்படி இடித்துக் குடித்துக் கொண்டாடினார்கள் என்று ஒரு கதை; அன்றிலிருந்து அந்தப் பழக்கம்.

"தலைவரே, இடிச்சுடாதீங்க. நம்ம ஆளுங்க ஒருத்தன்கூட ஓட்டுப் போட மாட்டான்," என்று கட்சிக்காரன் கால்மான் அவள் காதருகே முணுமுணுத்தான்.

"இடிக்கலேன்னா பள்ளிக்கூடம் போயிடும்யா."

பிறந்ததிலிருந்து ஹங்கேரியர்களுக்கு நடுவில் வாழ்கிற மனிதருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் நீட்டுகிறாரா? அவர் முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

அவள் குவளையை மெல்லக் கொண்டுபோனாள். விளிம்புக்கு மேல் பொங்கி நின்ற நுரை அவருடைய நுரையைத் தொட்டது. அங்கேயே கையை நிறுத்திக்கொண்டாள். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சத்தமே வரவில்லை.

மேயர் ஒரு மடக்குக் குடித்தார். மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, "எங்க மாமியாரும் இப்படித்தான் தொடுவாங்க," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு சட்டைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.