பாதிப் படுக்கை

“உன் நகக் கத்தரியைக் குடு, லான்.”

“எதுக்கு, ஆ ஹோக்?”

சியா பூன் ஹோக் பணப்பையைத் திறந்தார். ஐம்பது டாலர் நோட்டு ஒன்றை எடுத்தார். சிங்கப்பூர் நோட்டு பிளாஸ்டிக். கையால் கிழியாது. நட்ட நடுவில் கத்தரித்தார்.

கப்பல் துறைமுகத்தை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஐந்து நாள் பயணம். அறையைச் சுத்தம் செய்யும் மாரிவிக், தன் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டுப் போக அப்போதுதான் வந்திருந்தாள்.

“இந்தா, பாதி. ஒழுங்கா வேலை செஞ்சா, இறங்கறப்ப மீதிப் பாதி.”

“ஐயோ, என்ன இது!” என்றாள் அவர் மனைவி ஸ்வீ லான். “குடுக்கறதா இருந்தா இப்பவே முழுசா குடு. இல்லேன்னா கடைசி நாள் குடு.”

“முன்னாடியே முழுசா குடுத்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. கடைசியில தரேன்னா நம்ப மாட்டாங்க. முப்பது வருஷமா வீடுகளுக்குத் தரை போட்டுக் குடுக்கறேன். பாதி முன்பணம், பாதி வேலை முடிஞ்சதும். என் வீட்டுச் செலவுக்கும் அதே சட்டம்தான். ஒண்ணாம் தேதி பாதி. மீதி, இவ எப்படிச் செலவு பண்றான்னு பார்த்துட்டு. கேட்டுப் பாரு இவளை.”

ஸ்வீ லான் கத்தரியை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

மாரிவிக் தன் கையில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தலை இருக்கற பாதியை நீங்களே வச்சுக்கிட்டீங்க போல, சார்.”

“கிண்டலா?”

“இல்லை சார். என் பாதிக்கு ஒரு காபிகூட வாங்க முடியாது. உங்க பாதிக்கும் முடியாது. அஞ்சு நாளைக்கு நாம ரெண்டு பேரும் சமம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சியாவின் காது சிவந்துவிட்டது.

அவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். இந்தப் பயணத்தோடு அவளுடைய ஒன்பது மாத ஒப்பந்தம் முடிகிறது. புகார் எதுவும் இல்லாவிட்டால்தான் அடுத்தது. சொந்த ஊரான இலோய்லோவில் அவள் கட்டும் வீடு, சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் நிற்கிறது.

மறுநாள் காலை, மேல்தளத்தில் நடந்துவிட்டு அறைக்கு வந்த சியா, படுக்கையைப் பார்த்து அப்படியே நின்றார்.

ஸ்வீ லான் படுக்கும் பக்கம் சுருக்கமே இல்லாத விரிப்பு. தட்டி வைத்த தலையணை. துவாலையில் மடித்த அன்னம். அவர் பக்கம் மட்டும், காலையில் எழுந்தபோது கிடந்த அதே அலங்கோலம்.

“பார்த்தியா திமிரை! பாதி நோட்டுக்குப் பாதிப் படுக்கையாம்!”

“மறந்திருப்பா, விடு” என்ற ஸ்வீ லான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“சிரிக்கிறியா?”

“தும்மல்.”

மூன்றாம் நாளும் அப்படியே. போதாததற்குக் குளியலறைக் கண்ணாடியில் ஒரு பாதி பளபளத்தது. மறுபாதியில் சோப்பு காய்ந்து கிடந்தது.

சியா தொலைபேசியை எடுத்துவிட்டார்.

மேற்பார்வையாளர் சுத்ரிஸ்னோ, மாரிவிக்கையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

“கோடு போட்ட மாதிரி பாதி விரிச்சிருக்கா, பாருங்க!”

மாரிவிக் படுக்கையைப் பார்த்தாள். பிறகு ஸ்வீ லானைப் பார்த்தாள்.

“சார் பாதி குடுத்தார். படுக்கையும் பாதி இருக்கு. இதுல என்ன குறை, பாஸ்?”

சுத்ரிஸ்னோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

“விளையாடாத மாரிவிக். ஒரு மன்னிப்புக் கேட்டுடு, இதோட முடிச்சுடலாம். நான் எழுதிட்டா உனக்கு அடுத்த கப்பல் கிடையாது. கூரை போடணும்னு சொல்லிட்டிருந்தியே?”

“கூரைக்குப் பதிலா தார்ப்பாய் கட்டிக்கறேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்.”

“பார்த்தீங்களா ரோஷத்தை? இந்த அழகுக்கு மீதியை வேற நான் தரணுமாம்!”

மாரிவிக் சட்டைப் பையிலிருந்து பாதி நோட்டை எடுத்தாள். சியாவின் கலைந்த தலையணைமேல் வைத்தாள்.

“மீதியும் வேண்டாம் சார். இதுவும் வேண்டாம்.”

“எழுதுங்க!” என்று கத்தினார் சியா.

சுத்ரிஸ்னோ பெருமூச்சு விட்டார். புகார்த் தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார். மாரிவிக் நிமிர்ந்து நின்றாள்.

“என் பேரை எழுதுங்க” என்றாள் ஸ்வீ லான்.

மூவரும் திரும்பினார்கள்.

“அவ ரெண்டு நாளும் முழுசாத்தான் விரிச்சுட்டுப் போனா. ஆ ஹோக், நீ மேல நடந்துட்டு இருந்த நேரத்துல உன் பக்கத்தைக் கலைச்சு விட்டது நான். சோப்பைத் தடவினதும் நான். பாதி குடுத்தா வாங்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு நீயும் பாக்க வேண்டாமா?”

சியா கலைந்து கிடந்த தன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

ஸ்வீ லான் மாரிவிக் பக்கம் கையைக் காட்டினாள்.

“நேத்து நான் கலைக்கறப்ப இவ கதவைத் திறந்து கையும் களவுமா பார்த்துட்டா. ‘மன்னிச்சுக்கோங்க மேம்’னு மெல்லச் சாத்திட்டுப் போனவ, வேலையே போற இந்த நிமிஷம் வரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கலை.”