கூப்பிட்டால் தட்டுவான்

எங்கள் மலையில் பாறைக்குள் கிடக்கும் பழங்கால எலும்புகளைத் தோண்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே இருப்பவன் சுரங்க வாயில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். உள்ளே இருப்பவன் சுத்தியலால் பாறையைத் தட்டிப் பதில் தருவான். கத்தினால் வாய்க்குள் மண் கொட்டும்.

என் தங்கை இட்டோவின் கணவன் பஸ்ஸு ஒரு பெரிய தாடையெலும்பைத் தோண்டி எடுத்தான். மீதி எலும்புக்காக மறுபடி இறங்கியபோது சுரங்கம் இடிந்து மூடிக்கொண்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தாடையை ஆராய்ந்த ஒரு பெண் தலைநகர் ரபாத்திலிருந்து வந்தாள். எங்கள் தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத டைனோசர்மா. மாமிசம் தின்னது, ரெண்டு லாரி நீளம். உங்க வீட்டுக்காரர் பேரத்தான் அதுக்கு வச்சிருக்கோம். உலகம் இருக்கிறவரைக்கும் அந்தப் பேரச் சொல்லுவாங்க."

"பேர வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஆளத் தோண்டிக் குடுங்க," என்றாள் இட்டோ.

ரபாத் காட்சிசாலையில் தாடையைப் பெயர்ப் பலகையோடு வைத்த அன்று காலை, மூடிய சுரங்கத்துக்குள் தட்டும் சத்தம் கேட்டது. ஊரே மண்வெட்டியோடு ஓடியது. தோண்டத் தோண்டப் பாறைதான் வந்தது. சத்தம் இன்னும் கீழே போயிருந்தது.

இப்போது காட்சிசாலையின் விடுமுறை நாளில் மட்டும் மலை அமைதியாக இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும் நாட்களில் அவன் ஓயாமல் தட்டுகிறான். அப்போதெல்லாம் இட்டோ சுரங்க வாயில் படுத்து, மண்ணில் வாயை வைத்து, பெயரைச் சொல்லாமல் பேசுகிறாள்:

"உன்ன இல்லய்யா. அந்த மிருகத்தத்தான் கூப்பிடுறாங்க. நீ தூங்கு."